தீவைச் சுற்றி வந்தது பிள்ளையா, மகிழுந்தா?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் குடும்பங்கள் பினாங்கை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. 1985-இல் திறக்கப்பட்ட முதல் பாலமும் 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் மகிழுந்துகளால் நிறைகின்றன. சின்னஞ்சிறு பிள்ளைகளோடு ஒரே நாளில் தீவையே சுற்றி வந்துவிட்டோம் என்று பலரும் பெருமையோடு சொல்லக் கேட்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால், சுற்றி வந்தவர் யார்? மகிழுந்து சுற்றி வந்தது. பெற்றோர் சுற்றி வந்தனர். பின்னிருக்கையில் இருந்த பிள்ளை சுற்றி வந்ததா என்பதே என் கேள்வி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. விடுமுறை முடிந்து வகுப்புக்கு வரும் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் 'பினாங்கில் என்ன பார்த்தாய்?' என்று கேட்டால், 'மால் போனோம், ஹோட்டல்ல குளிச்சோம்' என்பதற்கு மேல் பல பிள்ளைகளுக்குச் சொல் எழுவதில்லை. பிள்ளைகளுக்கு நினைவாற்றல் இல்லையா? நன்றாகவே இருக்கிறது! வழிநெடுகக் கைப்பேசியில் பார்த்த காணொளிகளை ஒன்று விடாமல் ஒப்பிக்கின்றனர். நாம் எதைக் காட்டினோமோ அதைப் பார்த்திருக்கின்றனர். கடல் சன்னலுக்கு வெளியே இருந்தது. கைப்பேசி கையில் இருந்தது. எது வென்றது என்று சொல்லவும் வேண்டுமோ?

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெற்றோர் சிலர் மூன்று காரணங்களை முன்வைக்கின்றனர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "போன் குடுக்கலன்னா அழுவுறாங்க டீச்சர், வண்டி ஓட்டவே முடியல."

பிள்ளை ஏன் அழுகிறது என்று எண்ணிப் பார்த்தோமா? பெரியவர்களுக்கென அமைந்த இருக்கையில் சிறு பிள்ளையை அமர்த்தினால் அதன் கண்ணுக்குத் தெரிவது முன்னிருக்கையின் முதுகுதான். சன்னலின் விளிம்பு அதன் தலைக்கு மேலே இருக்கிறது. மூன்று மணி நேரம் ஒரு தோல் உறையையே பார்த்துக்கொண்டிருந்தால் பெரியவர்களான நாமும் அழுதுவிடுவோம்! பிள்ளைக்கு ஏற்ற பாதுகாப்பு இருக்கையில் அமர்த்திப் பாருங்கள். பிள்ளை உயரமாக அமரும், வெளியே தெரியும். நம் நாட்டில் 2020 சனவரி 1 முதல் சொந்த மகிழுந்துகளில் இத்தகைய இருக்கை சட்டப்படி கட்டாயம். அவ்வாறிருந்தும் 'கொஞ்ச தூரம்தானே' என்று கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறும் தாய்மார்களை இன்றும் காண்கிறோம். திடீரென்று தடை போட்டால் எத்தனை வலிமையுள்ள கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது. அன்பு வேறு, பாதுகாப்பு வேறு.

2. "வளைவுப் பாதையில வாந்தி எடுக்குறாங்க, அதான் போன்ல கவனத்தத் திருப்புறோம்."

இது நேர்மாறான மருத்துவம். உடல் வளைவுகளை உணர்கிறது. கண்ணோ அசையாத திரையில் நிலைத்திருக்கிறது. இவ்விரண்டும் முரண்படும்போதுதான் தலைசுற்றலும் குமட்டலும் பெருகுகின்றன. தொலைவில் உள்ள மலையையும் கடலையும் பார்க்கச் செய்தால் குமட்டல் தணியும். தெலுக் பஹாங்கிற்கும் பாலிக் பூலாவுக்கும் இடையிலான மலைப்பாதையில் வளைவுக்கு மேல் வளைவு வரும். அங்கே பிள்ளையின் கையில் திரையைக் கொடுப்பது வாந்தியை விலை கொடுத்து வாங்குவதாகும்.

3. "சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும்?"

இதுதான் என்னைப் பெரிதும் வருத்தும் சொல். புரியாது என்று முடிவு கட்டிவிட்டு எதையும் சொல்லாமல் இருக்கிறோம். சொல்லாததால் பிள்ளைக்குத் தெரியவில்லை. பிறகு, பள்ளியில் தமிழ் வரவில்லை என்று ஆசிரியரைக் குறை கூறுகிறோம்!

தீவைச் சுற்றும் சாலை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அதில் பிள்ளைக்குப் புரியாதது எது? பினாங்கு என்னும் பெயரே மலாய் மொழியில் கமுகைக் குறிக்கிறது. வழியில் ஒரு கமுக மரத்தைக் காட்டி, 'பாட்டி போடும் பாக்கு இதிலிருந்துதான் வருகிறது. இந்தத் தீவுக்கே இதன் பெயர்தான்' என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியாதா? பாலிக் பூலாவ் என்றால் தீவின் பின்புறம் என்று பொருள். ஜார்ஜ்டவுனின் மாடிக்கட்டடங்களைப் பார்த்துவிட்டு அங்கே போனால் நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. நாள்தோறும் சோறு உண்ணும் பிள்ளை நெற்கதிரைப் பார்க்க வேண்டாமா? சாதிக்காய் அங்கே விளைகிறது. பழத்தைப் பிளந்தால் கொட்டையின்மேல் செந்நிற வலை போலச் சாதிபத்திரி படர்ந்திருக்கும். அம்மாவின் மசாலாப் பெட்டியில் இருப்பது இதுதான் என்று கையில் கொடுத்து முகரச் செய்யலாம். டுரியான் பருவத்தில் தோட்டங்களில் மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். பழம் முற்றினால் தானே உதிரும், அதைத் தாங்கத்தான் வலை என்று சொன்னால் பிள்ளை வாழ்நாளில் மறக்குமா?

கமுகு, கதிர், வரப்பு, சரிவு, அருவி, அலை, படகு, வலை... எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் எத்தனை தமிழ்ச் சொற்கள்! இவற்றை வகுப்பறையில் மின்னட்டைகளைக் காட்டிக் கற்பிக்க நாங்கள் படாத பாடு படுகிறோம். படத்தில் பார்த்த அருவிக்கு ஓசை இல்லை, குளிர்ச்சியும் இல்லை. தித்தி கெராவாங் அருவியின் அருகே நின்று 'அருவி' என்று ஒரு முறை சொன்னால் போதும்.

அடுத்ததாக, 'ஒரே நாளில் பத்து இடங்கள்' என்னும் பட்டியல் மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நுழைவுச்சீட்டு, வரிசை, படம், புறப்பாடு. மீண்டும் நுழைவுச்சீட்டு, வரிசை, படம், புறப்பாடு. பட்டியல் நிறைவேறுகிறது, பிள்ளை சோர்ந்து போகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு மூன்று இடங்களே மிகுதி. நிறுத்தும் இடத்தில் அரை மணி நேரம் மண்ணில் விளையாட விடுங்கள். எறும்பைப் பார்க்கிறதா, பார்க்கட்டும். கட்டணம் கட்டாத இடத்தில் கற்க ஒன்றுமில்லை என்னும் எண்ணத்தை முதலில் நாம் விட வேண்டும்.

பயணத் திசையையும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பலர் முதலில் பத்து ஃபெரிங்கிக்கு ஓடுகின்றனர். நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறவர்கள். அத்திசையில் போனால் கடல் எதிர்த்தடத்திற்கு அப்பால் போய்விடும். கடிகார முள் சுற்றும் திசையில், அதாவது பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார், பாலிக் பூலாவ், தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி என்று வந்தால் கடற்கரைச் சாலையில் கடல் நம் இடப்புறமே வரும். நிறுத்த வேண்டுமானால் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. பிள்ளைகளும் இடப்பக்கக் கதவின் வழியே போக்குவரத்துக்கு அப்பால் இறங்கலாம். பாதி வழியில் பிள்ளைகளை இடம் மாற்றி அமர்த்தினால் சண்டையும் இராது. காலையிலேயே கிளம்பிவிட்டால் வார இறுதி மாலைகளில் வடகரைச் சாலையில் சேரும் நெரிசலுக்கு முன் திரும்பிவிடலாம்.

இதைத் தள்ளிப்போடவும் கூடாது. தெற்குக் கடலில் புதிய தீவு ஒன்றை எழுப்ப 2023-இல் மண்கொட்டும் பணி தொடங்கிவிட்டது. வடகிழக்குக் கரையிலோ கடலாக இருந்த இடங்களில் நிலம் எழுந்துவிட்டது. இன்று பிள்ளை பார்க்கும் கரையை அது வளர்ந்தபின் அப்படியே பார்க்கும் என்பதற்கு உறுதி இல்லை.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். 'நான் சென்ற சுற்றுலா' என்று தலைப்பிட்டு, 'கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்' என்று தொடங்கும் ஆயத்தக் கட்டுரையை மனனம் செய்யச் சொல்லும் வழக்கம் இன்னும் பல வகுப்புகளில் தொடர்கிறது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டும் அதற்கெனத் தைத்த சட்டையை நாம் கழற்றவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கதிரவன், ஒரே பொற்கதிர்! பிள்ளை தன் கண்ணால் பார்த்த ஒன்றை, பிழையோடேனும் இரண்டு வரியில் எழுதட்டும். பிழையைத் திருத்த நாம் இருக்கிறோம். பார்க்காததை எழுதும் பழக்கத்தைத் திருத்துவதுதான் கடினம்.

இந்நாட்டின் தமிழ்க்கல்வி 1816-இல் இதே தீவில், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது என்று சொல்லி 2016-இல் இருநூறாம் ஆண்டு விழாவை நாடெங்கும் கொண்டாடினோம். மேடைகள் கண்டோம், மாலைகள் கண்டோம். அத்தீவின் ஊடாக நம் பிள்ளைகள் ஒரு தமிழ்ச் சொல்லும் கேளாமல், தலை நிமிராமல் கடந்து போகிறார்கள் என்றால் அந்த விழாவுக்கு என்ன பொருள்?

பெற்றோரே! அடுத்த விடுமுறையில் பாலம் ஏறும்போது கைப்பேசிகளை வாங்கிப் பைக்குள் வையுங்கள். முதல் அரை மணி நேரம் அழுகையும் முரண்டும் இருக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'அம்மா, அது என்ன?' என்று ஒரு குரல் வரும். அதற்குத் தமிழில் விடை சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால், 'வீட்டுக்குப் போய்த் தேடுவோம்' என்று தமிழிலேயே சொல்லுங்கள். மற்றதை நாங்கள் வகுப்பறையில் பார்த்துக்கொள்கிறோம்.