பேதை என்ற பெயர்



"இவளுக்கு மூளை பிசகிப் போச்சு" என்ற பேச்சைக் கேட்காத பெண்கள் நம் ஊர்களில் குறைவு. கணவனை இழந்தவள் ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால் நின்றாலும் அந்தப் பேச்சு வரும். தன் பிள்ளைகளுக்கே போதாத அரிசியில் ஒரு சுண்டு அளந்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் அதே பேச்சுத்தான். இம்மாதம் அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கிறிஸ்தவ மறையில் பேதைமைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கி.பி. 55ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதலாம் கடிதத்தில், கிறிஸ்துவின் பொருட்டுத் தாமும் தம் தோழர்களும் பேதைகளாக எண்ணப்படுவதைப் புனித பவுல் வெட்கமின்றிச் சொல்கிறார். சிலுவை மரணம் அன்று அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரோமர் கொடுத்த இழிவான தண்டனை. அப்படிக் கொல்லப்பட்டவரை இறைவன் என வணங்குவது, அறிவிலும் நாவன்மையிலும் பெருமை கொண்ட கிரேக்கருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பவுல் அந்தப் பெயரை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

பிற்காலத்தில் ரஷ்ய மக்கள் இத்தகைய பேதைகளைப் புனிதராகவே மதித்தார்கள். அவர்களுள் ஒருவர் செனியா. 18ஆம் நூற்றாண்டில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் வாழ்ந்தவர். அவருடைய கணவர் அரசவைப் பாடகர் குழுவைச் சேர்ந்தவர் என்றும், அவர் திடீரென இறந்தபோது செனியாவுக்கு வயது 26 என்றும், அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்றும் மரபு சொல்கிறது. செனியா தம் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தார். கணவரின் உடையை அணிந்து, கணவரின் பெயரால் அழைத்தால் மட்டுமே பதில் சொல்லி, நகரின் ஏழைத் தெருக்களில் பல்லாண்டுகள் திரிந்தார். கிடைத்த சில்லறைக் காசையும் பிறருக்கே கொடுத்தார். மயானத்தில் ஒரு தேவாலயம் கட்டப்பட்டபோது, இரவில் யாருமறியாமல் செங்கற்களைச் சாரத்தின் மேலே சுமந்து வைத்தார் என்பார்கள்.

உறவினர்கள் சும்மா இருக்கவில்லை. இவளுக்குப் பைத்தியம், சொத்தைக் கொடுக்க விடாதீர்கள் என்று முறையிட்டார்கள். அதிகாரிகள் விசாரித்து, அவர் தெளிந்த புத்தியோடுதான் இருக்கிறார் என்று முடிவு சொன்னார்களாம். 1988இல் ரஷ்ய ஓர்தொடொக்ஸ் திருச்சபை அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தது. அவருடைய கல்லறைக்கு இன்றும் மக்கள் விண்ணப்பங்களோடு செல்கிறார்கள்.

அப்படியானால் நாமும் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்க வேண்டுமா? இல்லை. நமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் காப்பதும் இறைவன் தந்த பணியே. செனியாவிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்று. அவர் கொடுத்தார், அவரிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. விசுவாசத்தின் பேதைமைக்கும் ஏமாறுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

"சகித்துக்கொள், அதுதான் சிலுவை" என்று சொல்லி ஒருவர் உங்களை அடித்தால், அதைப் பொறுப்பது பக்தி அல்ல. "நம்பிக்கை இருந்தால் கையொப்பம் வை" என்று காணி உறுதியை நீட்டினால், வாசித்து விளங்காமல் வைக்காதீர்கள். இயேசு தம் சீடர்களிடம் கபடமில்லாத மனத்தோடு விவேகத்தையும் சேர்த்தே கேட்டார். அதுபோல, நித்திரையின்றி, உணவு இறங்காமல், கிழமைக்கணக்காக அழுகை நிற்காமல் இருந்தால் அது விசுவாசக் குறைவும் அல்ல, புனிதமும் அல்ல. அது காயம். வைத்தியரிடம் போவதில் வெட்கமில்லை.

ஆனால் நீங்களாக விரும்பி, தெளிந்த மனத்தோடு செய்யும் நன்மைகள் உண்டு. எதிர்த்தரப்பில் மகனை இழந்த தாய்க்காகவும் மன்றாடுவது, ஊர் ஒதுக்கிய பெண்ணோடு ஒரே பாயில் இருந்து தேநீர் குடிப்பது, பழிவாங்கும் எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டாமல் வளர்ப்பது போன்றவை. இவற்றுக்காக ஊர் உங்களைப் பேதை என்று சொன்னால், சகோதரிகளே, கலங்க வேண்டாம். உங்களில் சைவரும் முஸ்லிம்களும் இருக்கிறீர்கள். உங்கள் மரபுகளிலும் உலகம் பித்தர் என்று சொன்ன அடியார்கள் இருந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை அந்தப் பெயர் காதில் விழும்போது உங்களையே ஒன்று கேளுங்கள்: இதை நானே கொடுத்தேனா, என்னிடமிருந்து எடுத்தார்களா? நீங்களே கொடுத்ததென்றால், நிமிர்ந்து நடவுங்கள்.