பிளக் சுடுதா? உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்குமா... ரெண்டு நிமிஷத்தில் போடலாம் ஒரு கணக்கு!

காலை ஏழு மணி. பாத்ரூம் பக்கெட்டில் ஹீட்டர் ராடு. அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸ். ஓரத்தில் செல்போன் சார்ஜர். யூனிஃபார்மை அயர்ன் செய்து முடித்து, சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கை எடுத்தால், விரலில் சுள்ளென்று சூடு. 'ஹீட்டர் ஓடினா சுடத்தானே செய்யும்' என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சுட வேண்டியது பக்கெட் தண்ணீர். பிளக் சுடக் கூடாது. அது சுட்டால், எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கைப் போட பத்தாம் வகுப்பு அறிவியல் போதும்.

வோல்ட், ஆம்பியர், ஓம்

மொட்டை மாடி டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளும். அந்தத் தள்ளுவிசைதான் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தால் ஓட்டம் தடைபடும் அல்லவா? அந்தத் தடைதான் ஓம்.

ஜெர்மனியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம், 1827-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த மூன்றுக்கும் உள்ள உறவை விளக்கினார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட் கிடைக்கும்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஹீட்டர் ராடில் 1500 வாட் என்று போட்டிருந்தால், 1500-ஐ 230-ஆல் வகுங்கள். அது இழுப்பது சுமார் 6.5 ஆம்பியர். இப்போது 230-ஐ 6.5-ஆல் வகுத்தால், ராடின் மின்தடை சுமார் 35 ஓம். அவ்வளவுதான் கணக்கு.

பாக்ஸின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருப்பிப் பாருங்கள். பல பாக்ஸ்களில் 6 ஆம்பியர் என்றுதான் இருக்கும். 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். அதுதான் அந்த பாக்ஸின் எல்லை.

1500 வாட் ராடு ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. கூடவே 1000 வாட் அயர்ன் பாக்ஸும் ஓடினால் மொத்தம் 2500 வாட், சுமார் 10.9 ஆம்பியர். ஆனால், எல்.இ.டி பல்பு 9 வாட்தான். செல்போன் சார்ஜரும் பெரிதாக எதுவும் இழுக்காது. எத்தனை பிளக் சொருகியிருக்கிறோம் என்பது முக்கியமில்லை. மொத்தம் எத்தனை வாட் என்பதுதான் முக்கியம்.

ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி சூடாக்கும் பொருள்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மிக்ஸி, ஏ.சி போன்ற மோட்டார் உள்ளவை, கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆம்பியர் இழுக்கும்.

'எம்.சி.பி இருக்கே, டிரிப் ஆகாதா?'

பலருக்கும் இருக்கும் நம்பிக்கை இதுதான். அந்த லைனுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி போட்டிருந்தால், 10.9 ஆம்பியர் ஓடும்போது அது அசையவே அசையாது. சுவருக்குள் இருக்கும் வயருக்குத்தான் அது காவல். வெளியே நீங்கள் சொருகியிருப்பது 6 ஆம்பியர் பாக்ஸ் என்பது அதற்குத் தெரியாது.

இதைவிட ஆபத்து, லூஸ் கனெக்‌ஷன். பிளக் பின் சரியாகப் பிடிக்காத இடத்தில் கூடுதலாக ஒரு மின்தடை உருவாகும். அங்கே உண்டாகும் சூட்டைக் கணக்கிட, ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, மின்தடையாலும் பெருக்க வேண்டும். லூஸான இடத்தில் வெறும் அரை ஓம் தடை, ஓடுவது 4 ஆம்பியர் என்றால் 8 வாட் சூடு. 8 ஆம்பியர் ஓடினால் 32 வாட். ஓட்டம் இரண்டு மடங்கானால், சூடு நான்கு மடங்கு!

ரேடியோ, டி.வி ரிப்பேர் கடைகளில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிக சூடு உங்கள் பிளக்குக்குள், பிளாஸ்டிக்கை ஒட்டியபடி! தடை கூடினால் ஓட்டம் கொஞ்சம் குறையத்தான் செய்யும் என்பதால், எம்.சி.பி-க்கு இதில் சந்தேகமே வராது. மின்கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி-யும் டிரிப் ஆகாது. கடைசிக் காவலாளி உங்கள் விரலும் மூக்கும்தான்.

லோ வோல்டேஜில் தண்ணீர் ஏன் லேட்டாகச் சுடுகிறது?

ராடின் தடை அதே 35 ஓம்தான். வோல்டேஜ் 180 ஆகக் குறைந்தால் ஓட்டம் சுமார் 5.1 ஆம்பியர். 180-ஐயும் 5.1-ஐயும் பெருக்கினால் சுமார் 920 வாட். 1500 வாட் ராடு, 1000 வாட் ராடைவிடக் குறைவாக வேலை செய்கிறது. ராடைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்றே செய்ய வேண்டியவை

* ஹீட்டர், கெயிஸர், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றை 16 ஆம்பியர் பவர் பாயின்ட்டில் மட்டும் நேரடியாகச் சொருகுங்கள்.

* தடித்த பின்னை சிறிய பாயின்ட்டில் நுழைக்க கன்வெர்ட்டர் வாங்காதீர்கள். பின் தடிமனாக இருப்பதே ஓர் எச்சரிக்கைதான்.

* பிளக் சுட்டாலோ, பழுப்பாக மாறியிருந்தாலோ, கருகல் வாசனை வந்தாலோ அந்த பாயின்ட்டைப் பயன்படுத்தாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள்.

* வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், ஒவ்வொரு பொருளின் வாட்டையும் பார்த்து ஆம்பியர் கணக்கிட்டு, ஒரு பேப்பரில் எழுதி சுவிட்ச் போர்டு பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பாடம் படித்த மாதிரியும் ஆச்சு... வீட்டுக்குப் பாதுகாப்பும் ஆச்சு!