இரு தலைவர்கள் ஆளும் மலைநாடு

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே, பிரனீசு மலைத்தொடரின் மடியில் அந்தோரா என்றொரு நாடு உண்டு. பரப்பளவு 468 சதுர கிலோமீட்டர்; மக்கள் ஓர் இலட்சத்திற்கும் குறைவு; சொந்தப் படை கிடையாது. இதனை அண்டையிலுள்ள பெருநாடுகள் விழுங்காமல் விட்டது எங்ஙனம்?

உர்ஜெல் மறைமாவட்ட ஆயரும், பிரான்சின் ஃபுவா பிரபுவும் இப்பள்ளத்தாக்குகளுக்காக நெடுங்காலம் பூசலிட்டனர். இறுதியில் 1278-ஆம் ஆண்டு, இருவரும் சேர்ந்தே ஆள்வதென உடன்படிக்கை செய்தனர். பிரபுவின் உரிமை வழிவழியாகப் பிரெஞ்சு மன்னருக்கும், பின்னர் அந்நாட்டுக் குடியரசுத் தலைவருக்கும் சென்றது. ஆயரின் உரிமையோ ஆயரிடமே நிலைத்தது. ஆகவே இன்றும் அந்தோராவுக்குத் தலைவர் இருவர். ஒருவரைத் திருத்தந்தை நியமிக்கிறார்; மற்றவரைப் பிரெஞ்சு மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அந்தோரா மக்கள் தேர்ந்தெடுத்தவர் இவர்களுள் எவருமிலர்! ஒருவர் பறிக்க முனைந்தால் மற்றவர் விடார். இந்த இழுபறியே எளிய நாட்டிற்கு மதிலாயிற்று.

1993 வரை ஓராண்டு பிரான்சுக்கும் மறு ஆண்டு ஆயருக்குமாகத் திறை செலுத்தினர். ஆயருக்குரிய திறையில் பணத்தோடு பன்றித் தொடைக்கறியும் பாலாடைக்கட்டியும் கோழிகளும் அடங்கும். நம் பங்குத் திருவிழா ஏலம் நினைவுக்கு வருகிறதன்றோ! அந்நாட்டின் ஏழு நிர்வாகப் பிரிவுகளுக்கும் ‘பங்கு’ என்றே பெயர். பழைய மன்றத்தில் ஆவணங்கள் காத்த அலமாரிக்குப் பங்குக்கொரு பூட்டு. எல்லாச் சாவிகளும் கூடினாலன்றி அது திறவாது.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது (1936-39) தெற்கிலிருந்தும், இரண்டாம் உலகப் போரில் நாசிகளுக்குத் தப்பி வடக்கிலிருந்தும் அகதிகள் இம்மலைப்பாதைகளில் வந்தனர். வழிகாட்டியோருள் கள்ளக் கடத்தல்காரரும் இருந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆடு மேய்த்த இம்மக்கள் பிற்காலத்தில் குறைந்த வரியாலும், பனிச்சறுக்கு விளையாட்டாலும், வங்கிகளாலும் செல்வராயினர்.

1993-இல் மக்கள் வாக்கெடுப்பால் அரசியல் சாசனம் பிறந்தது. ஆட்சியுரிமை மக்களுடையதாயிற்று, இரு தலைவர்களும் பெயரளவில் நீடித்தனர். அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் சபையிலும் அந்தோரா இடம்பெற்றது.

எனினும் பழைய ஏற்பாடு இப்போது ஒரு கடுஞ்சோதனையில் நிற்கிறது. அங்கே கருக்கலைப்பு தண்டனைக்குரிய குற்றம். அச்சட்டத்தைத் தளர்த்த வேண்டுமென ஒரு சாரார் கோருகின்றனர். அரசும் இதுபற்றி வத்திக்கானுடன் பேசியுள்ளது. திருச்சபையின் போதனைக்கு மாறான சட்டத்தைத் தம் பெயரால் வெளியிட ஓர் ஆயர் எவ்வாறு இசைவார்? இசைய வேண்டுமென நாம் எதிர்பார்க்கவும் இயலாது. ஆனால் அவர் பதவி துறந்து விலகினாலோ, எழுநூறு ஆண்டுத் தராசில் ஒரு தட்டு வெறுமையாகும். மறு தட்டில் பிரான்சு மட்டுமே இருக்கும்.