ரயில் நின்னா முதல்ல தண்டவாளத்தைப் பாருங்க

பூம்புகாருக்கு ரயில் கிடையாது. ஒரு பக்கம் சீர்காழி, இன்னொரு பக்கம் மாயவரம். ரெண்டுல ஏதாவது ஒரு ஊருக்கு பஸ் பிடிச்சுப் போய்த்தான் ரயில் ஏறணும். ஆனா எங்க வீட்டு மாடி ரூம்ல ஒண்ணு ஓடுது. ரெண்டரை மீட்டர் பலகை, 12 மில்லிமீட்டர் தண்டவாளம், ஒரு எஞ்சின், மூணு பெட்டி. "கழுதை வயசாகுது, பொம்மை ரயிலா?"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்ற பதிவு இல்லை இது. (அந்தக் கேள்விக்கு எங்க அம்மாகிட்ட தனியா நாலு பதிவுக்கு மேட்டர் இருக்கு.) டிஜிட்டல் கன்ட்ரோல் வாங்கி, வண்டி ஒழுங்கா ஓடாம, டப்பாவோட பரண்ல ஏத்தி வெச்சிருக்கற நண்பர்களுக்கும், வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறவங்களுக்கும்தான் இது.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. டிஜிட்டல் கன்ட்ரோலால கிடைக்கற பெரிய லாபம் பத்து வண்டியை ஒரே நேரத்துல ஓட்டறது இல்லை. ஒரே வண்டியை, நிஜ வண்டி மாதிரி, மெதுவா ஓட்டறது. மெதுவா ஓடலைன்னா குத்தம் பெரும்பாலும் சாஃப்ட்வேர்ல இருக்காது, தண்டவாளத்துல இருக்கும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதவங்களுக்காக ஒரு பாரா. பழைய முறையில தண்டவாளத்துல போற வோல்டேஜைக் கூட்டினா வண்டி வேகமாப் போகும், குறைச்சா நிக்கும். ஒரே தண்டவாளத்துல ரெண்டு எஞ்சின் இருந்தா ரெண்டும் சேர்ந்தே ஓடும். டிசிசின்னு சொல்ற டிஜிட்டல் முறையில தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும். ஆனா பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இடம் மாறிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ செகண்ட் நீண்டா அது 1. கிட்டத்தட்ட 100 மைக்ரோ செகண்ட் நீண்டா அது 0. எஞ்சினுக்குள்ள இருக்கற டீகோடர் இதைப் படிச்சு, தன் நம்பருக்கு வந்த உத்தரவை மட்டும் எடுத்துக்கும். ஜெர்மனியில லென்ஸ் கம்பெனி செய்த முறையை அடிப்படையா வெச்சு, அமெரிக்காவோட தேசிய மாடல் ரயில் சங்கம் 1990-கள்ல இதைப் பொதுத் தரமா ஆக்கினாங்க. அதனாலதான் ஒரு கம்பெனி டீகோடரை இன்னொரு கம்பெனி கன்ட்ரோலர்ல ஓட்ட முடியுது.

இதுல கவனிக்க வேண்டியது, கரண்டும் உத்தரவும் ஒரே வழியில வருது. சக்கரமும் தண்டவாளமும் ஒட்டற இடம் ஊசிமுனை அளவுதான். அங்க கொஞ்சம் அழுக்கு இருந்தா ரெண்டும் அவுட். வேகமாப் போற வண்டி அந்த அழுக்கைத் தாண்டிக் குதிச்சுப் போயிடும். மெதுவாப் போற வண்டி அங்கேயே உக்காந்துடும். அதாவது, மெதுவா ஓட்டறதுதான் நிஜமான பரீட்சை.

ஆனா நம்ம ஆளுங்க, அதுவும் கம்ப்யூட்டர்ல பொழப்பு நடத்தறவங்க, வண்டி நின்ன உடனே லேப்டாப்பைத் திறக்கறாங்க. ஃபர்ம்வேர் மாத்தறாங்க, டீகோடர் செட்டிங்கை நோண்டறாங்க. பல் வலிக்கு கண்ணாடி மாத்தின கதைதான். என்னைக் கேட்டா வரிசை இப்படித்தான் இருக்கணும்:

1. துடைங்க. எங்க ஊர்ல சைக்கிள் ரிம்மு எவ்வளவு நாள் தாங்கும்னு கடற்கரையில இருக்கறவங்களுக்குத் தெரியும். உப்புக்காத்து யாரையும் விடாது. மாடல் தண்டவாளம் நிக்கல் சில்வர்னு பேரு, ஆனா வெள்ளி ஒரு துளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. கீறல் விழும், அந்தக் கீறல்ல அடுத்த அழுக்கு குடியேறும். நூல் விடாத துணியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சாப் போதும். ஆல்கஹாலை விட மண்ணெண்ணெய் வகை கரைப்பான் மேல்னு ஒரு கட்சியும் இருக்கு. எதுவா இருந்தாலும் லேசா. சக்கரத்தை மறக்காதீங்க. டிஷ்யூ பேப்பரை நனைச்சு தண்டவாளத்து மேல விரிச்சு, எஞ்சினோட ஒரு பக்கச் சக்கரங்களை அது மேலயும் மறு பக்கத்தை வெறும் தண்டவாளத்துலயும் வெச்சு, கையால பிடிச்சுக்கிட்டு ஓட விடுங்க. பேப்பர்ல வர்ற கருப்புக் கோட்டைப் பார்த்தா நீங்களே பேச மாட்டீங்க.

2. காசு போடுங்க. ஒரு ரூபாய் காசை ரெண்டு தண்டவாளத்தையும் தொடற மாதிரி குறுக்கே வைங்க. கன்ட்ரோலர் உடனே கரண்டை நிறுத்தணும். காசை எடுத்து அடுத்த அடியில வைங்க. எந்த இடத்துல நிறுத்தலையோ, அங்க வயரிங் சரியில்லை. இது ஓட்டத்துக்காக மட்டும் இல்லை. ஷார்ட் ஆகியும் நிக்கலைன்னா, அவ்வளவு கரண்டும் ஏதோ ஒரு சின்ன வயரைச் சூடாக்கிக்கிட்டு இருக்கும். பாதுகாப்பு சமாச்சாரம்.

3. இணைப்பை நம்பாதீங்க. ரெண்டு தண்டவாளத் துண்டைச் சேர்க்கற தகடு வண்டியை வழிநடத்தத்தான், கரண்டுக்கு இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் கீழே இருந்து தனி வயர் சால்டர் பண்ணுங்க. பலகைக்கு அடியில தடியா ரெண்டு மெயின் வயர் ஓடட்டும். போரடிக்கற வேலை. ஒரு தடவைதான்.

4. பாயின்ட்டைப் பாருங்க. தண்டவாளம் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கற அந்த மூக்கு பிளாஸ்டிக்கா இருந்தா, சின்ன எஞ்சின் அது மேல செத்துப்போகும். உலோகமா இருந்தா, பாயின்ட் மாறும்போது அதோட துருவமும் மாறணும். மாறலைன்னா ஷார்ட்.

5. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் லேப்டாப். புது டீகோடர் பெரும்பாலும் 3-ம் நம்பரோட வரும். ரெண்டு எஞ்சினும் சேர்ந்து கிளம்பினா பேய் இல்லை, ரெண்டுக்கும் நம்பர் 3. "டீகோடரைப் படிக்க முடியவில்லை"ன்னு திரையில வந்தா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. டீகோடர் பதில் சொல்றதே மோட்டாரை ஒரு 6 மில்லி செகண்ட் தட்டி, 60 மில்லி ஆம்பியர் கூடுதலா இழுத்துத்தான். சக்கரம் அழுக்கா இருந்தா அந்தத் தட்டல் கன்ட்ரோலருக்குப் போய்ச் சேராது. மறுபடியும் ஒண்ணாம் நம்பருக்கே போங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு பிரச்சினையும் இருக்கு. கரண்ட் போய் வரும்போதோ, ஒரு ஷார்ட்டுக்கு அப்புறமோ, வண்டி திடீர்னு முழு வேகத்துல பாய்ஞ்சு பலகையிலிருந்து குதிக்கும். பல டீகோடர்கள் பழைய முறையிலும் ஓடற மாதிரி அமைச்சு வருது. சிக்னல் குழம்பினா "ஓ, இது பழைய முறை போல"ன்னு நினைச்சுக்கிட்டு முழு வோல்டேஜையும் மோட்டாருக்குக் கொடுத்துடும். சிவி 29-ங்கற செட்டிங்கில 6 இருந்தா அதை 2 ஆக்கிடுங்க. பழைய முறை ஆஃப். பிரச்சினையும் ஆஃப்.

கபாசிட்டர் வெச்சா போதாதான்னு கேப்பீங்க. எஞ்சினுக்குள்ள பெரிய கபாசிட்டரை வெச்சா அழுக்கு இடத்தைத் தாண்ட ஒரு சில நொடிக்குக் கரண்ட் கொடுக்கும். நல்லதுதான். ஆனா அது வலி மாத்திரை, வைத்தியம் இல்லை. கபாசிட்டர் இருக்கற தைரியத்துல துடைக்காம விட்டா, அழுக்கு ஏறிக்கிட்டே போய் ஒருநாள் அதுவும் கை விரிச்சுடும்.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு மெதுவா ஏன் ஓட்டணும்? அங்கதான் எங்க ஊர் வருது.

மாயவரத்துலேருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் கிளைப் பாதை இருந்தது. 1926-ல திறந்தது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார்னு வயலும் வாய்க்காலுமா போய் கடல்கிட்ட முடியும். சுமார் 30 கிலோமீட்டர். 1980-கள்ல வண்டி நின்னுபோச்சு, அப்புறம் தண்டவாளமும் போச்சு. சீர்காழி வழியா போற மெயின் லைன் மீட்டர் கேஜும் 2006-ல மூடி 2010-ல அகலப் பாதையா திறந்தாங்க. மெயின் லைன் திரும்பி வந்தது. தரங்கம்பாடி வண்டி வரவே இல்லை. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே நின்னுபோன வண்டி அது. என் பலகையில இருக்கறது அதுல ஒரு சின்ன ஸ்டேஷன்.

ஏன் முழுப் பாதையும் இல்லைன்னா, கணக்கு போட்டுப் பாருங்க. 87-ல ஒரு பங்கு அளவுல 30 கிலோமீட்டர்னா கிட்டத்தட்ட 345 மீட்டர். எங்க தெருவே பத்தாது. ஏன் மீட்டர் கேஜ்னா அதுக்கும் கணக்கு இருக்கு. நம்ம அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல வகுத்தா 19.3 வரணும். ஆனா கடையில கிடைக்கற தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். நம்ம வண்டி அதுல ஏறினா யானை ஸ்டூல் மேல நிக்கற மாதிரி இருக்கும். மீட்டர் கேஜுக்கு 11.5 வரணும், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்குது. சுவிட்சர்லாந்து மீட்டர் கேஜ் மாடல்களுக்காக ஐரோப்பாவுல செய்யறாங்க. என் எஞ்சினோட அடிப்பாகமும் அப்படி ஒரு சுவிஸ் மாடலோட செகண்ட் ஹேண்ட் அடிப்பாகம்தான். மேல் கூடு பிளாஸ்டிக் ஷீட்டுல நானே வெட்டி ஒட்டினது. கன்ட்ரோலர், ஆர்டுயினோ போர்டுல டிசிசி-ஈஎக்ஸ்ங்கற இலவச மென்பொருள். போன்லேருந்தே ஓட்டலாம்.

ஆக்கூர்ல இருக்கற எங்க பெரியப்பா படிக்கற காலத்துல அந்த வண்டியில போனவர். ஒருநாள் மாடிக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "தம்பி, நம்ம வண்டி இவ்வளவு வேகமாவா போச்சு? இது வைகை எக்ஸ்பிரஸ் மாதிரில்ல போகுது"ன்னார். எவ்வளவு வேகம்ப்பான்னு கேட்டதுக்கு கிலோமீட்டர்ல சொல்லலை. "ஏர் ஓட்டிக்கிட்டு இருக்கறவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகலாம், அவ்வளவு வேகம்"னார். எந்தப் புத்தகத்துலயும் கிடைக்காத அளவு இது! மணிக்கு 30 கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டா, 87-ல ஒரு பங்குல நொடிக்கு சுமார் 9.6 சென்டிமீட்டர். ரெண்டரை மீட்டர் பலகையைக் கடக்க 26 நொடி. சிவி 5-ல உச்ச வேகத்தைக் குறைச்சு, சிவி 3, 4-ல கிளம்பறதையும் நிக்கறதையும் இழுத்து, ஸ்டாப்வாட்சை வெச்சு அதைக் கொண்டுவந்தேன். சிவி 2-ல ஆரம்ப வோல்டேஜைச் சரிபண்ணினதும் வண்டி உதறாம ஊர்ந்து கிளம்புது. இது பழைய வோல்டேஜ் முறையில லேசுல வராது. இதுக்குத்தான் டிஜிட்டல்.

பொம்மைன்னு சிரிக்கற டெவலப்பர் நண்பர்களுக்கு ரெண்டு தகவல். "ஹேக்"ங்கற வார்த்தையை கம்ப்யூட்டர் உலகத்துக்குக் கொடுத்தவங்க எம்ஐடி (குரோம்பேட்டை இல்லீங்க, அமெரிக்கா) மாடல் ரயில் சங்கத்துப் பசங்க. 1946-ல ஆரம்பிச்ச சங்கம் அது. இன்னொண்ணு, ஜேஎம்ஆர்ஐங்கற இலவச மென்பொருள். டீகோடர் செட்டிங்கை எல்லாம் கம்ப்யூட்டர்லேருந்து மாத்தறது அதை வெச்சுத்தான். அதை ஆரம்பிச்ச பாப் ஜேக்கப்சன், தன்னோட டீகோடர் விவரக் கோப்புகளை உரிமத்தை மதிக்காம எடுத்துக்கிட்டாங்கன்னு வழக்கு போட்டார். 2008-ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓப்பன் சோர்ஸ் உரிம நிபந்தனைகளை காப்புரிமைச் சட்டப்படி அமல்படுத்தலாம்னு சொல்லிடுச்சு. நாம தினமும் ஆபீஸ்ல உபயோகிக்கற இலவச கோடுக்கெல்லாம் பாதுகாப்பா நிக்கற தீர்ப்பு, ரயில் பொம்மையிலேருந்து வந்தது!

"எதுக்கு இவ்வளவு, கம்ப்யூட்டர்ல ரயில் சிமுலேட்டர் இருக்கே"ன்னும் சிலர் சொல்றாங்க. இருக்கு, நல்லாவும் இருக்கு. ஆனா அதுல உப்புக்காத்து இல்லை. நிஜப் பாதையை கேங்மேன் தினம் நடந்து பார்த்தாத்தான் வண்டி ஓடும். துடைக்கறது, காசு போடறது, வயரைத் தேடறது எல்லாம் அந்த வேலையோட சின்ன வடிவம். பாதையைக் கவனிக்காத ரயில்வே நிக்கும்ங்கறது மாடி ரூம்லயும் உண்மைதான்.

கடைசியா நான் வற்புறுத்தற விஷயம். டெல்டா பக்கத்து நண்பர்களே, காசு செலவு பண்ணி சத்தம் போடற ஜெர்மன் எஞ்சினா வாங்கி அடுக்காதீங்க. உங்க ஊர்ல ஓடி நின்னுபோன ஒரு வண்டியை, ஒரே ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கங்க. அந்த வண்டியில போனவங்களுக்கு இப்ப குறைஞ்சது அம்பது வயசு. பிளாட்பாரம் எந்தப் பக்கம், புளியமரம் எங்க, கேட் கீப்பர் வீடு எங்க, வண்டி எவ்வளவு மெதுவாப் போச்சு, எல்லாம் அவங்க தலைக்குள்ளதான் இருக்கு. டீகோடரை எப்ப வேணா வாங்கலாம். அவங்ககிட்ட இப்பவே கேட்டாகணும்.

உங்க வீட்டுல யாராவது தரங்கம்பாடி வண்டியில போயிருந்தா, கேட்டு எழுதி அனுப்புங்க. குறிப்பா பொறையார் ஸ்டேஷன். அடுத்த பலகை அதுதான்.