பெட்டியிலே தூங்கும் கத்தி

கத்தி வாங்குவதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "கடைக்குப் போனா கத்தி கிடைக்குது. இதுக்கு ரெண்டு பக்கமா?" என்றார். அவருக்கென்ன, ஆப்பிள் நறுக்குவதோடு சரி! நான் சொல்ல வந்தது சமையலறை மேடையில் வெங்காயம் நறுக்கும் கத்தியைப் பற்றி அல்ல, சகோதரிகளே. வெளியிலே, வெயிலிலே, மணலிலே கிடந்து ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிற கத்தியைப் பற்றி.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் என் பெரியம்மா மகள் இருக்கிறாள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போனவர்கள் அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கடல்; இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம்; கரையோரமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அக்காவுக்குக் கருவாட்டு வேலை. விடியற்காலையில் படகு வந்ததும் மீனை ஏலத்தில் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து பிளந்து, குடல் எடுத்து, பக்கத்து உப்பளத்து உப்பையே போட்டு ஊற வைத்து, மணலில் வலை விரித்துக் காய வைப்பாள். நெத்திலி, காரப்பொடி போன்ற பொடி மீனுக்குக் கத்தி வேண்டாம். பாறை, கெளுத்தி, சுறா என்றால் கத்தி இல்லாமல் ஆகாது. அரிவாள்மணையில் அறுக்கலாமே என்பீர்கள். பெரிய மீனைத் தலையிலிருந்து வால் வரை ஒரே வாக்கில் பிளக்கக் கைக்கத்திதான் சுகம் என்பாள்.

போன மாசி மாதம் அக்காவுக்கு இடது கையில் வெட்டு என்று போன் வந்தது. போய்ப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஐந்து தையல். எந்தக் கத்தி என்று கேட்டேன். எடுத்துக் காட்டினாள். பார்த்ததும் வயிறு எரிந்தது. முனை உடைந்து, பிடி பிளந்து, பழைய துணியைச் சுற்றி அதன் மேல் நைலான் கயிறு கட்டிய ஒரு துருக்கத்தி. மீன் வழவழப்பில் துணி நழுவியிருக்கிறது. மழுங்கின கத்தி என்பதால் அழுத்தமும் அதிகம் கொடுத்திருக்கிறாள். கத்தி மீனை விட்டுக் கையில் இறங்கிவிட்டது.

"ஏன்க்கா, தம்பி உனக்குப் புதுக்கத்தி செஞ்சு அனுப்பினானே, அது எங்கே?"

அக்கா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணி மூட்டை வந்தது. உள்ளே தேங்காய் எண்ணெய் தடவிய கத்தி, பளபளவென்று. பித்தளைப் பூண் போட்ட மரப்பிடி. அவள் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அம்மாவுக்கென்று தெற்கே ஒரு பட்டறையில் சொல்லி, அளவு கொடுத்து, 2,400 ரூபாய் செலவு செய்து அடித்து வாங்கிய கத்தி.

"இவ்ளோ காசு குடுத்து வாங்கினதை இன்னாத்துக்குடி உப்புல போடறது? ரெண்டு நாள் எடுத்தேன். மூணாம் நாள் பார்த்தா செவசெவன்னு துரு. மனசே கேக்கல. தொடைச்சு வச்சுட்டேன்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறோமே, பெட்டிக் கத்தியும் அப்படித்தான் ஆனது. நல்ல கத்தி பெட்டியில் தூங்க, ஓட்டைக் கத்தி வேலை செய்ய, கை போச்சு! ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்குப் போகவில்லை. அதுவும் மீன் நன்றாக வரத்து இருந்த மாதம்.

மகன்மேல் தப்பில்லை. பட்டறைக்காரர் மேலும் தப்பில்லை. திரும்பும்போது அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டு வந்து, திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான கொல்லரிடம் காட்டினேன். நகத்தால் சுண்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லாரிப் பட்டையிலே அடிச்சிருக்கான். நல்ல இரும்பு. வேலையும் சுத்தம்" என்றார். பிறகு, "எதுக்கும்மா இது?" என்றார். கருவாட்டுக்கு மீன் பிளக்க என்றேன். "அடடா! இதைக் கொண்டுபோய் உப்புத் தண்ணியிலயா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

லாரிப் பட்டை என்கிற எஃகு நல்ல கூர் பிடிக்கும், அடி தாங்கும். திருப்பாச்சேத்தி அருவாளுக்கு இத்தனை பேர் வந்ததே அந்த மாதிரி எஃகாலும் அதைக் காய்ச்சித் தோய்க்கிற கைப்பக்குவத்தாலும்தான். ஆனால் அதில் துருவைத் தடுக்கும் சரக்கு கிடையாது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அக்கா மீன் ஊறப் போடும் தொட்டியிலோ அதைவிடப் பல மடங்கு. வேலை முடிந்து துணியால் துடைத்து வைத்தால் போதாதா என்றால், போதாது. கண்ணுக்குத் தெரியாத உப்புப் பொடி ஒட்டிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்துக்கு மேல் போனால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசக்கிறதே, அதே கதைதான். கடற்கரையில் ராத்திரி ஈரம் சாதாரணமாகவே அந்த அளவைத் தாண்டும். நாம் தூங்கும்போது கத்திமேல் ஒவ்வொரு உப்புப் பொடியும் ஒரு சொட்டு உப்புத் தண்ணீராகிவிடும். காலையில் பார்த்தால் துரு!

மரப்பிடிக்கும் அதே கதி. ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், நாளடைவில் விரிசல் விடும். பிடிக்குள் போகிற இரும்பு வாலைச் சுற்றி இடைவெளி விழுந்து, மீன் சாறு அதில் இறங்கும். எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. கிருமிக்கு அதைவிட நல்ல குடித்தனம் வேண்டுமா?

பிறகு எந்தக் கத்திதான் வாங்குவது? கடையில் தொங்குகிறதே, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்வது, அதுதான். நம்மில் பலருக்கு அதைப் பார்த்தால் ஒரு இளப்பம் உண்டு. "மெஷின் கத்தி எங்கே வெட்டும்?" என்போம். இந்த இளப்பம் நமக்கு மட்டும் இல்லை. 1913ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயாமலிருக்க ஒரு எஃகு தேடப் போய், சுமார் 13 சதவிகிதம் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். இதில் கத்தி செய்யலாமே என்று சொன்னபோது, கத்திக்கே பேர் போன அந்த ஊர்க்காரர்கள் "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று கேலி செய்தார்களாம். எஃகைப் பதமாகக் காய்ச்சும் முறை பிடிபட்டதும் கேலி நின்றது. ஸ்வீடனில் மோரா என்ற ஊர்ப் பக்கம் 1891ல் தொடங்கிய பட்டறை ஒன்று, கத்தி செய்து வளர்ந்தது. இன்று மோரா கத்தி என்றால் அந்த நாட்டில் தச்சர் பெட்டியிலும் இருக்கும், மீன்காரர் இடுப்பிலும் இருக்கும். பிளாஸ்டிக் பிடி, விலை கொஞ்சம், முரட்டு வேலை. அதைப் பெட்டியில் பூட்டி வைக்க யாருக்கும் தோன்றாது.

அக்காவுக்காகத் திண்டிவனத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கைப்பையில் ஒரு சின்னக் காந்தம், பிரிட்ஜ் கதவில் ஒட்டுவோமே அது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்! சாப்பாட்டுத் தட்டு, டம்ளர் செய்கிற ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் காந்தத்தில் சரியாக ஒட்டாது. அந்த வகை எஃகு கத்திக்கு வேண்டிய கெட்டிப் பதத்துக்கு வராது. கத்திக்கான எஃகு 'டக்'கென்று ஒட்டும். ஒட்டாததை அப்படியே வைத்துவிடலாம். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். காந்தத்தில் ஒட்டும் மட்டமான தகடும் உண்டு. அலகு மிக மெல்லிசாக, தகரம் மாதிரி வளைந்தால் வேண்டாம். பிடி அலகைச் சுற்றி இடுக்கில்லாமல் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். அலகின் அடியும் பிடியும் சேருமிடத்தில் விரல் முன்னால் வழுக்காமல் தடுக்க ஒரு மேடு இருந்தால் ரொம்ப நல்லது. அக்கா கைக்கு நேர்ந்தது அங்கேதான். பிடி சொரசொரப்பாக இருக்கட்டும். நிறம்? பளிச்சென்று ஆரஞ்சோ மஞ்சளோ. மணலில் விழுந்தாலும் கண்ணில் படும்.

160 ரூபாய் மேனிக்கு இரண்டு கத்தி வாங்கினேன். மொத்தம் 320. ஒன்று மழுங்கினால் இன்னொன்று கையில் இருக்கும்.

துருப்பிடிக்காத எஃகு என்றதும் அப்படியே போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதன் மேலே குரோமியத்தால் உண்டாகும் மெல்லிய படலம்தான் அதற்குக் காவல். உப்பு அந்தப் படலத்தையும் துளைக்கும். ஊசி குத்தின மாதிரி புள்ளி புள்ளியாகக் குழி விழும். அதனால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில், கடல் தண்ணீரில் அல்ல, கழுவித் துடைத்து நிழலில் காய வைக்க வேண்டும். உப்புத் தொட்டிக்குள் ராத்திரி விடக்கூடாது. வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் கத்திமேல் படவே கூடாது. நம் கொல்லர் அடித்த கத்தியைவிட இது சீக்கிரம் மழுங்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாரம் இரண்டு முறை சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். கல் இல்லையா, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத வளையத்தில் தேயுங்கள். அவசரத்துக்குப் போதும்.

இதைப் படித்துவிட்டுக் கொல்லர் பட்டறைக்கே போக வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேங்காய் வெட்ட, பனை மட்டை சீவ, சீமைக் கருவேல முள்ளை வெட்டி விறகாக்க அடித்துச் செய்த அருவாள்தான். அந்த வேலைக்குக் கடைக் கத்தியை எடுத்தால் அலகு உடைந்து முகத்தில் தெறிக்கும்.

கடைசியாகக் காயத்தைப் பற்றி. அக்கா வெட்டுப்பட்டதும் மஞ்சளையும் காப்பித்தூளையும் சேர்த்து அப்பிவிட்டாளாம். தையல் போடுமுன் அதையெல்லாம் கழுவி எடுத்ததில்தான் அதிக வலி என்றாள். வெட்டுப்பட்டால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், வேறெதுவும் வேண்டாம். 'துருக்கத்தி பட்டால்தானே ஊசி' என்று நினைப்பவர்கள் உண்டு. தனுர்வாயு துருவினால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் வருவது. புதுக்கத்தி வெட்டினாலும் மணல் பட்டால் ஆபத்துதான். பெரியவர்களுக்கும் பத்து வருஷத்துக்கு ஒரு முறை அந்தத் தடுப்பூசி வேண்டும். பிள்ளைப்பேற்றின்போது போட்டதோடு பலர் மறந்துவிடுகிறோம். கடல் தண்ணீரிலும் மீனிலும் இருக்கும் வேறொரு கிருமி, சர்க்கரை வியாதி, ஈரல் வியாதி உள்ளவர்களை மிக வேகமாகப் படுத்திவிடும். வெட்டுப்பட்ட இடம் சில மணி நேரத்தில் வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம் ஆறும் வரை உப்புத் தொட்டியில் கை வைக்கவும் கூடாது.

அந்த 2,400 ரூபாய்க் கத்தி என்ன ஆச்சு என்கிறீர்களா? மகன் வந்தபோது அக்கா அவனிடமே கொடுத்து, சென்னையில் வாழைக்காய், பூசணி நறுக்க வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். மருமகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டதாம். கூர் என்றால் அப்படி ஒரு கூர் என்கிறாள்.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். ஆரஞ்சுப் பிடிக் கத்தி ஒன்றைப் படகில் மறந்து வைத்து, அது கடலோடு போய்விட்டதாம். "போனா போவுது விடு, இன்னொண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, கெளுத்திக் கருவாடு இரண்டு கிலோ எடுத்து வைத்திருப்பதாகவும் எப்போது வருகிறேன் என்றும் கேட்டாள்.