குப்பைக் கூடை பெண்ணிடம், முடிவு யாரிடம்?

முத்தியால்பேட்டையோ ரெட்டியார்பாளையமோ, எந்தத் தெருவானாலும் காலையில் 'வண்டி வந்துருச்சு' என்ற குரல் கேட்டதும் கூடையோடு வாசலுக்கு வருவது பெரும்பாலும் பெண்கள்தான். மக்கும் குப்பையைத் தனியாகப் போடுங்கள், துணிப்பை எடுத்துச் செல்லுங்கள் என்ற அறிவுரைகளும் பெரும்பாலும் அவர்களை நோக்கியே சொல்லப்படுகின்றன. சுற்றுச்சூழலைக் காப்பது எப்போது பெண்களின் வீட்டு வேலையானது?

சட்டம் என்ன சொன்னது?

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்கும் ஒவ்வொருவரும் அதை மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. அதில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் கப், டம்ளர், தட்டு, ஸ்பூன், ஸ்ட்ரா எல்லாம் அடக்கம். அந்த கப்புகள் மதுக்கடை ஓரங்களில் கிடந்தால் அவற்றைப் போட்டது யார் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு மட்டும் சுயஉதவிக் குழுப் பெண்களைத்தான் கூப்பிடுகிறோம்.

நேரம் யாருடையது?

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். குப்பை பிரிப்பது, காய்கறிக் கழிவை உரமாக்குவது, பாலித்தீனுக்குப் பதில் பாத்திரம் எடுத்துப்போய்க் கழுவி வைப்பது எல்லாம் நல்ல பழக்கங்களே. ஆனால் வீட்டில் வேலைப் பங்கீடு மாறாவிட்டால் ஒவ்வொரு நல்ல பழக்கமும் அந்த 289 நிமிடங்களோடுதான் சேரும். நாலு நாள் பிரித்துவிட்டு ஐந்தாம் நாள் 'முடியலப்பா' என்று ஒரே பையில் போட்டால், அதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது.

அதிகாரம் எங்கே?

வேலை பெண்களிடம் இருக்கிறது. முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. திடக்கழிவு மேலாண்மை நகராட்சிகளுக்கு உரிய பணி என்கிறது அரசமைப்பின் 12ஆவது அட்டவணை. நகராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது 74ஆவது திருத்தம். ஆனால் புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பின் 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலே கடைசி. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளை அதிகாரிகளே நடத்துகிறார்கள். தெருவில் குப்பை அள்ளவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் 30 தொகுதிகளில் வென்ற பெண் ஒரே ஒருவர்.

'பெண்கள் இயற்கையோடு ஒன்றியவர்கள், பூமித்தாய் மாதிரி' என்று பாராட்டுகிறவர்கள் சிப்கோவை உதாரணம் காட்டுவார்கள். 1974 மார்ச்சில் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்தபோது, ஊர் ஆண்கள் இழப்பீடு வாங்க சமோலிக்குப் போயிருந்தார்கள். காட்டிலிருந்து விறகும் தீவனமும் சுமந்தது அந்தப் பெண்கள்தான். காடு போனால் யாருடைய நடை நீளும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அனுபவத்தில் வந்த அந்த அறிவுக்கு முடிவெடுக்கும் இடம் தர வேண்டும். பிறவிக் குணம் என்று புகழ்ந்துவிட்டு வேலையை மட்டும் தருவது வசதியான தப்பித்தல்.

என்ன செய்யலாம்?

விழிப்புணர்வுக் கூட்டங்களை ஆண்கள் கூடும் இடங்களில், அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் நடத்தலாம். பள்ளியில் குப்பை பிரிக்கும் முறையில் மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் ஒரே பங்கு தரலாம். கண்ணாடித் துண்டையும் நாப்கினையும் வெறுங்கையால் பிரிக்கும் துப்புரவுப் பணியாளர்களை நினைத்தாவது, வாரத்தில் பாதி நாள் வீட்டு ஆண்கள் கூடையைத் தூக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளாட்சித் தேர்தலை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது. குப்பையைத் தினம் கையால் தொடுகிறவர்களுக்கு, அந்தக் குப்பைக்கான வரவு செலவைக் கேள்வி கேட்கும் நாற்காலியும் வேண்டும்.