முயலுக்கு முதலில் வீடு

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் வரிப்பத்தான்சேனையில் நண்பகலில் வளவுக்குள் கால் வைக்க முடியாது. அத்தகைய ஒரு நண்பகலில்தான் எங்கள் வீட்டு முயல்கள் இரண்டும் இறந்தன. சந்தையிலிருந்து வாங்கி வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. பழைய கோழிக்கூட்டைக் கழுவி, மேலே தகரம் போட்டு, அதற்குள் அவற்றை விட்டவன் நான்தான். தண்ணீர் இருந்தது, புல் இருந்தது, நிழலும் இருக்கிறது என்று நினைத்தேன். மகள் அழுதுகொண்டு ஓடிவந்த பின்னரே அந்தத் தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன். அது அடுப்பில் ஏற்றிய சட்டியைப் போலச் சுட்டது.

பிறருடைய கவனயீனத்தைப் பத்திரிகையில் எழுதியே காலத்தைக் கழித்தவன் நான். என்னுடையதையும் எழுதுவதுதான் நியாயம்.

தவறின் தொடக்கம் நமது மொழியிலேயே இருக்கிறது என்று இப்போது எண்ணுகிறேன். நமது காடுகளிலும் சேனைகளிலும் ஓடுகின்ற காட்டுமுயலையும், சந்தையில் விற்கும் வெள்ளை முயலையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். உண்மையில் இவை இரு வேறு இனங்கள். காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. திறந்த வெளியில் புல்லுக்குள் படுத்திருக்கும். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது. வீட்டுமுயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தவை. மண்ணுக்குள் வளை தோண்டி, கூட்டமாக வாழ்பவை. அவற்றின் குட்டி உரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். கண் திறக்க ஏறத்தாழ 10 நாட்கள் செல்லும். வளையின் குளிர்ச்சிக்கும் இருளுக்கும் பழகிய ஓர் உயிரை, காட்டுமுயல் தாங்கும் வெயிலை இதுவும் தாங்கும் என்று நம்பித் தகரத்தின் கீழ் வைத்துவிடுகிறோம்.

முயல் நம்மைப் போல வியர்த்து உடற்சூட்டைத் தணிப்பதில்லை. காதுகளின் வழியாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. வெப்பநிலை 30 பாகையைத் தாண்டினால் அதற்கு ஆபத்து. எனவே நமது ஊரில் கூடு மரநிழலில் இருக்க வேண்டும். கூரைக்குத் தகரத்தைவிடக் கிடுகு மேலானது. காற்று ஊடறுத்துச் செல்ல வேண்டும். கடும் வெப்ப நாட்களில் போத்தலில் நீரை உறையவைத்து, துணியால் சுற்றி உள்ளே வைத்தால் முயல் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

அடுத்தது இடம். பிரித்தானியாவின் முயல் நல அமைப்பு இரண்டு முயல்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம். அதாவது ஓடவும், பின்னங்காலில் எழுந்து நிற்கவும் இடம். நமது கூடுகள் பல அது திரும்பிப் படுக்கவே போதாதவை. கோழிக்கு அடிக்கும் மெல்லிய கம்பி வலை நாயைத் தடுக்காது. அகன்ற கண்ணுள்ள வலை பாம்பைத் தடுக்காது. தடித்த, சிறு கண் வலை வேண்டும். அதுவே தரையாகவும் இருந்தால் பாதம் புண்ணாகும். பலகையும் வைக்கோலும் வேண்டும். நாய் உள்ளே வராமல் வெளியே நின்று குரைத்தாலே அச்சத்தால் முயல் இறந்துபோகக்கூடும் என்பதால், ஒளிந்துகொள்ள ஓர் இருண்ட பெட்டியும் அவசியம்.

உணவில் புல்லே பிரதானம். பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்கின்றன. மென்றுகொண்டே இருந்தால்தான் தேயும். படங்களில் பார்த்த கரட் கிழங்கு இனிப்புப் பண்டத்திற்குச் சமம். அரை நாள் உணவை மறுத்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தனி முயல் ஏங்கும். ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டால் சுமார் 31 நாட்களுக்கொரு முறை குட்டிகள் பிறக்கலாம். வாங்கும் முன்னரே யோசிக்க வேண்டிய விடயங்கள் இவை. பெருகியவற்றைக் காட்டில் விடுவதும் தீர்வல்ல. 1859 இல் அவுஸ்திரேலியாவில் வேட்டைக்காக விடப்பட்ட சில முயல்கள் அந்தக் கண்டத்தையே வருத்திய கதையை உலகம் அறியும்.

"2004 சுனாமியில் வீடிழந்த மனிதர்களைக் கண்ட மாவட்டம் இது. இங்கே முயலுக்கு வீடா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முயல் வளர்க்கும்படி நம்மை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. நாமே விரும்பி வாங்கி, தானே இரை தேட முடியாதபடி அடைத்துவிட்ட பின், அதன் பசிக்கும் வெப்பத்துக்கும் நாமே பொறுப்பு. பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மிருகவதைத் தடைச் சட்டம் இந்நாட்டில் 1907 இலேயே இயற்றப்பட்டது. ஆனால் என் முயல்களைக் கொன்றது கொடுமை அல்ல, அறியாமை. அதற்குச் சட்டத்தில் மருந்தில்லை. விற்பவர் இரண்டு வார்த்தை சொல்லலாம். வாங்குபவர் இரண்டு கேள்வி கேட்கலாம். நான் கேட்கவில்லை.

மகள் மீண்டும் முயல் கேட்கிறாள். மாமரத்தின் கீழ் இடத்தை அளந்து வைத்திருக்கிறோம். வீடு முடியட்டும், ஒரு கச்சான் காலம் அதற்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று பார்ப்போம், பிறகு சந்தைக்குப் போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.